ஒரு நாளைக் கூட்டும், ஒரு நாளைக் குறைக்கும் 'ஃப்ரம்'

புனே நகரின் வடகிழக்கில், ஆளந்தி சாலையின் மேல் இருக்கிறது விஷ்ராந்த்வாடி. 'விஷ்ராந்தி' என்றால் இளைப்பாறுதல். தமிழில் பழைய தலைமுறையினர் 'சற்றே விச்ராந்தியாக இருங்கள்' என்று சொல்வதும் இதே சொல்தான். ஆனால் இந்தப் பகுதிக்குப் பிழைப்புத் தேடி வந்த தமிழர்களுக்கு இளைப்பாற நேரம் குறைவு. பாதுகாப்புத் துறை நிலையங்களிலும், கட்டட வேலைகளிலும், கணக்கு எழுதும் அலுவலகங்களிலும் அவர்களுடைய பொழுது கழிகிறது.

இங்கு வந்து இறங்கிய தமிழரிடம் அக்கம்பக்கத்தார் கேட்கும் முதல் கேள்வி, "குடூன் ஆலாத்?" என்பது. ஹிந்தி பேசுகிறவர் "கஹாங் ஸே?" என்பார். அலுவலக மேஜைக்கு அப்பால் இருப்பவர் ஆங்கிலத்தில் "வேர் ஆர் யூ ஃப்ரம்?" என்று கேட்பார். மூன்றும் ஒன்றே: எங்கிருந்து? மராத்தியின் 'ஊன்', ஹிந்தியின் 'ஸே', தமிழின் 'இருந்து' ஆகிய மூன்றின் வேலையையும் ஆங்கிலத்தில் செய்வது 'ஃப்ரம்' என்ற நாலெழுத்துச் சொல்.

பள்ளியில் முதல் வருடம் ஆங்கிலம் படித்தவருக்கும் தெரிந்த சொல்தான் இது. ஆயினும் விடுமுறை விண்ணப்பம், அனுபவச் சான்றிதழ், பண ரசீது, ரயில் முன்பதிவு, காசோலை, ஓய்வூதியம் என்று வாழ்க்கையின் முக்கியமான காகிதங்களில் எல்லாம் இது உட்கார்ந்திருக்கிறது. இதன் அர்த்தத்தில் ஒரு நாள் கூடினால் சம்பளம் கூடும். ஒரு நாள் குறைந்தால் வழக்கே தள்ளுபடியாகும். இந்தியாவின் உச்ச நீதிமன்றமே இந்தச் சொல்லை எடுத்து வைத்து விசாரித்திருக்கிறது.

நன்னூலார் சொன்ன நான்கு பொருள்

ஆங்கிலத்தில் 'ஃப்ரம்' பெயருக்கு முன்னால் நிற்கும். தமிழில் அந்த வேலையைச் செய்யும் உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். "ஃப்ரம் சேலம்" என்பது "சேலத்திலிருந்து" ஆகிறது. நிற்கும் இடம் மாறினாலும் பொருள் பெரிதும் மாறவில்லை.

தமிழ் இலக்கணத்தில் ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்று நான்கு பொருள்களைப் பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்தார். ஆங்கில 'ஃப்ரம்' சொல்லையும் ஏறக்குறைய இந்த நான்கு பெட்டிகளுக்குள் அடக்கிவிடலாம்.

நீங்கல்: ஒன்றை விட்டு ஒன்று விலகுவது. சாரத்திலிருந்து விழுந்தான், சம்பளத்திலிருந்து பிடித்தார்கள், வேலையிலிருந்து விலகினான் என்னும் இடங்களில் எல்லாம் 'ஃப்ரம்' வரும். வேலைக்கு வராமல் இருந்ததை "ஆப்சென்ட் ஃப்ரம் டியூட்டி" என்று எழுதுவதும் இந்தப் பொருளில்தான்.

எல்லை: ஓரிடத்தையோ ஒரு நேரத்தையோ தொடக்கமாகக் குறிப்பது. ஆண்டுதோறும் ஞானேஸ்வரர் பல்லக்கு ஆளந்தியிலிருந்து புறப்பட்டு, இதே விஷ்ராந்த்வாடி வழியாகப் புனேக்குள் நுழைந்து, பந்தர்பூர் வரை செல்கிறது. "ஃப்ரம் ஆளந்தி டு பந்தர்பூர்" என்பது எல்லைப் பொருள். "ஃப்ரம் நைன் டு ஃபைவ்" என்ற அலுவலக நேரமும் அப்படியே.

ஏது: காரணம். "சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்று விடுமுறை விண்ணப்பத்தில் எழுதாத குமாஸ்தா இல்லை. காய்ச்சல் காரணமாக அவதிப்படுகிறார் என்பது அதன் பொருள்.

ஒப்பு: இரண்டை எடைபோட்டுப் பார்ப்பது. தமிழில் இது ஒப்புமைக்கும் வரும், ஏற்றத்தாழ்வுக்கும் வரும். ஆங்கிலத்தில் 'ஃப்ரம்' வேற்றுமை காட்ட மட்டுமே வரும். "டிஃபரன்ட் ஃப்ரம்" என்றால் இதிலிருந்து வேறானது. 'இதைவிடப் பெரியது' என்பதற்கு 'ஃப்ரம்' உதவாது. அங்கே 'தேன்' என்ற சொல் வேண்டும். ஹிந்தியில் இரண்டுக்கும் 'ஸே' போதும் என்பதால், ஹிந்தி பேசிப் பழகியவர்கள் இந்த இடத்தில் சறுக்குவது உண்டு.

இவற்றோடு மூலப்பொருளைச் சொல்லும் வழக்கம் ஒன்றும் உண்டு. மேஜை மரத்தால் ஆனது. பார்த்தால் மரம் தெரிகிறது. அதற்கு 'மேட் ஆஃப்'. காகிதம் மரக்கூழிலிருந்து வருகிறது. அதில் மரம் தெரிவதில்லை. அதற்கு 'மேட் ஃப்ரம்'. மூலப்பொருள் உருமாறிவிட்டதா என்பதே இங்கு பொதுவான அளவுகோல்.

வருகிறேனா, ஊர்க்காரனா?

"நான் சேலத்திலிருந்து வருகிறேன்" என்று தமிழில் சொன்னால் இரண்டு அர்த்தம் கொள்ளலாம். சொந்த ஊர் சேலம் என்பது ஒன்று. இப்போது சேலத்திலிருந்து வந்துகொண்டிருக்கிறேன் என்பது மற்றொன்று. இதை அப்படியே "ஐ ஆம் கம்மிங் ஃப்ரம் சேலம்" என்று ஆங்கிலமாக்கினால் இரண்டாவது அர்த்தம் மட்டுமே கிடைக்கும். பதினைந்து வருடமாகப் புனேயில் குடியிருப்பவர் நேர்முகத் தேர்வில் இப்படிச் சொன்னால், "ரயில் எத்தனை மணிக்கு வந்தது?" என்று எதிரே இருப்பவர் கேட்டாலும் குற்றமில்லை. சொந்த ஊரைச் சொல்ல "ஐ ஆம் ஃப்ரம் சேலம்" அல்லது "ஐ கம் ஃப்ரம் சேலம்" என்பதே சரி.

இரண்டு நாளாகவா, இரண்டு நாளிலிருந்தா?

ஹிந்தியில் "தோ தின் ஸே புகார் ஹை" என்பார்கள். மராத்தியிலும் காலத்தைக் குறிக்கப் 'பாசூன்' என்ற சொல் உண்டு. இதைக் கேட்டுப் பழகிய காது, ஆங்கிலத்திலும் "ஃப்ரம் டூ டேஸ்" என்று எழுதச் சொல்கிறது. இந்த ஊர் அலுவலகங்களில் வழக்கமாகக் காணும் பிழை இது.

தமிழ் இந்த இடத்தில் நல்ல வழிகாட்டி. தமிழர் யாரும் 'இரண்டு நாளிலிருந்து காய்ச்சல்' என்று சாதாரணமாகச் சொல்வதில்லை. 'இரண்டு நாளாகக் காய்ச்சல்' என்றே சொல்கிறார்கள். இந்த 'ஆக' வரும் இடத்தில் ஆங்கிலத்தில் 'ஃபார்' போட வேண்டும். 'திங்கட்கிழமையிலிருந்து காய்ச்சல்' என்று தொடங்கிய நாளைச் சொல்லி, அது இன்னமும் நீடித்தால் 'ஸின்ஸ்' போட வேண்டும். தொடக்கமும் முடிவும் சேர்ந்து வந்தால், அல்லது இனிமேல் தொடங்கப் போவதானால், அங்கே 'ஃப்ரம்'.

இது வெறும் இலக்கணம் அல்ல என்பதற்கு அனுபவச் சான்றிதழ் ஓர் உதாரணம். "ஹீ வொர்க்ட் ஹியர் ஃப்ரம் 2015 டு 2020" என்றால் ஆள் வேலையை விட்டுப் போய்விட்டார் என்று பொருள். "ஹீ ஹாஸ் பீன் வொர்க்கிங் ஹியர் ஸின்ஸ் 2015" என்றால் இன்றும் வேலையில் இருக்கிறார். வங்கிக் கடனுக்காகச் சான்றிதழ் கேட்கும் தொழிலாளிக்கு இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையே உள்ள தூரம் மிகப் பெரியது. சான்றிதழைக் கையில் வாங்கியதும் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

ரசீதில் யார் கொடுத்தவர்?

பணம் சம்பந்தப்பட்ட காகிதங்களில் 'ஃப்ரம்' யார் பக்கம் நிற்கிறது என்பதைக் கவனிப்பது அவசியம். "ரிசீவ்டு ஃப்ரம்" என்று தொடங்கும் ரசீதில், அந்தச் சொல்லுக்கு அடுத்து வரும் பெயர் பணத்தைக் கொடுத்தவருடையது. கீழே கையெழுத்திடுகிறவர் வாங்கிக்கொண்டவர். ஆகவே மேஸ்திரியோ ஒப்பந்தக்காரரோ நீட்டும் தாளில் "ரிசீவ்டு ஃப்ரம்" என்று அச்சடித்திருந்து, தொகை எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தால், அதில் கையெழுத்திடும் தொழிலாளி, பிறகு எவ்வளவு எழுதப்பட்டாலும் அவ்வளவையும் வாங்கிக்கொண்டதாகவே எழுதிக் கொடுத்தவர் ஆகிறார்.

கடனிலும் இப்படித்தான். 'பாரோ' என்றால் கடன் வாங்குதல். அதனோடு 'ஃப்ரம்' சேரும். 'லெண்ட்' என்றால் கடன் கொடுத்தல். அதனோடு 'டு' சேரும். தமிழில் 'அவரிடம் கடன்' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் பேச்சில் புரிந்துவிடும். எழுத்தில் அது போதாது. "பாரோடு ஃப்ரம்" என்று எழுதிக் கையெழுத்திட்டவர் கடனாளி; அதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

அந்த நாள் உண்டா, இல்லையா?

இனி வருவது இந்தச் சொல்லின் முக்கியமான சிக்கல். ஒரு தேதிக்கு முன்னால் 'ஃப்ரம்' வந்தால், அந்தத் தேதி கணக்கில் சேருமா, சேராதா?

தமிழில் இந்தக் குழப்பம் குறைவு. 'ஜூலை 1 முதல்' என்றால் ஜூலை முதல் தேதியே முதலாவது நாள். சொல்லிலேயே 'முதல்' இருக்கிறது. ஆங்கிலத்திலோ ஒரே சொல் இரண்டு விதமாகவும் நடக்கிறது.

ஓர் உரிமையோ, விதியோ, நிலைமையோ தொடங்கும் நாளைச் சொன்னால் அந்த நாளும் சேரும். அலுவலக உத்தரவுகளில் வரும் "வித் எஃபெக்ட் ஃப்ரம்" என்ற தொடர் இதற்கானது. பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு, 2021 அக்டோபர் 1 முதல் ஏழு புதிய அரசு நிறுவனங்கள் செயல்படத் தொடங்கின. விஷ்ராந்த்வாடிக்கு அருகே கட்கியில் உள்ள வெடிமருந்துத் தொழிற்சாலை 'முனிஷன்ஸ் இந்தியா' நிறுவனத்தின் கீழ் வந்தது. அந்த உத்தரவின் 'ஃப்ரம்' அக்டோபர் முதல் தேதியையும் உள்ளே சேர்த்துக்கொள்கிறது. அன்று காலை ஷிப்டுக்குச் சென்றவர் புதிய நிறுவனத்தின் கீழ்தான் வேலை பார்த்தார்.

ஆனால் ஒரு தேதியிலிருந்து இத்தனை நாளுக்குள் என்று கெடு அளக்கும்போது, அந்தத் தேதி வெளியே நிற்கிறது. மறுநாள்தான் முதல் நாள். இந்தியாவின் பொதுப் பிரிவுகள் சட்டம், 1897, அதன் 9-ஆவது பிரிவில் இதைச் சொல்கிறது. நாட்களின் வரிசையில் முதல் நாளை விலக்க வேண்டுமானால் 'ஃப்ரம்' என்ற சொல்லையும், கடைசி நாளைச் சேர்க்க வேண்டுமானால் 'டு' என்ற சொல்லையும் சட்டத்தில் எழுதினால் போதும் என்பது அதன் சாரம். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டமும் 12-ஆவது பிரிவில் தொடக்க நாளை விலக்கச் சொல்கிறது.

இரண்டு வகையும் ஒரே உத்தரவில் வந்த உதாரணம் ரிசர்வ் வங்கியினுடையது. 2011 நவம்பரில் அது வங்கிகளுக்கு ஓர் உத்தரவு அனுப்பியது. 2012 ஏப்ரல் 1 முதல், காசோலையில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதம் கடந்த பின் வரும் காசோலைகளுக்குப் பணம் தரக் கூடாது என்றது. அதற்கு முன் ஆறு மாத வழக்கம் இருந்தது. இங்கு முதலில் வரும் 'ஃப்ரம்' ஏப்ரல் முதல் தேதியைச் சேர்க்கிறது. அடுத்து வரும் 'ஃப்ரம்' மூன்று மாதத்தை அளக்கும் கோல்; காசோலைத் தேதி அதன் தொடக்கக் குறி மட்டுமே.

ரயில்வே நிர்வாகம் குழப்பத்துக்கு இடம் வைக்காமல் எழுதியது. 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்தபோது, 'பயண நாள் நீங்கலாக' என்று சேர்த்தே அறிவித்தது. பொங்கலுக்கு ஊர் செல்ல ஜனவரி 13-ஆம் தேதி வண்டி பிடிக்க வேண்டுமானால், அந்தக் கணக்கின்படி நவம்பர் 14-ஆம் தேதி காலையில் பதிவு திறக்கும். 15-ஆம் தேதி என்று எண்ணி மறுநாள் போனவருக்குக் காத்திருப்போர் பட்டியல்தான் மிஞ்சும்.

நீதிமன்றம் ஏறிய சொல்

இந்தச் சொல்லின் மேல் வழக்குகள் நடந்தது புதிதல்ல. இங்கிலாந்தில் 1777-ஆம் ஆண்டிலேயே ஒரு குத்தகைப் பத்திரம் இதனால் ஆட்டம் கண்டது. உடனே தொடங்கும் குத்தகையை மட்டுமே கொடுக்க அதிகாரம் இருந்த இடத்தில், பத்திரத் தேதியிலிருந்து குத்தகை என்று எழுதியிருந்தார்கள். 'ஃப்ரம்' அந்த நாளை விலக்கும் என்றால் குத்தகை நாளைக்குத்தான் தொடங்கும். ஆகவே செல்லாது என்பது வாதம். லீட்ஸ் கோமகன் சம்பந்தப்பட்ட அந்த வழக்கில் மான்ஸ்ஃபீல்டு பிரபு, இந்தச் சொல் நாளைச் சேர்க்கவும் செய்யும், விலக்கவும் செய்யும். இடம் பார்த்தும், பத்திரம் செல்லுபடியாகும் விதத்திலும் பொருள் கொள்ள வேண்டும் என்று தீர்ப்பளித்தார்.

1959 டிசம்பரில் ஒரு மோட்டார் காப்பீட்டுத் தாள் 2-ஆம் தேதி பகல் 11.45 மணிக்குத் தொடங்கியது. தொடக்கத் தேதியிலிருந்து 15 நாள் செல்லும் என்பது நிபந்தனை. 17-ஆம் தேதி மாலை 5.45 மணிக்கு விபத்து. மணிக்கணக்குப் பார்த்தால் காப்பீடு காலையிலேயே முடிந்துவிட்டது. முதல் நாளை விலக்கி எண்ணினால் 17-ஆம் தேதி நள்ளிரவு வரை இருக்கிறது. இரண்டாவது கணக்கே சரி என்று இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு செய்தது.

இந்தியாவில் இந்தச் சொல் பெரிதாக அடிபட்டது காசோலை வழக்குகளில். காசோலை திரும்பி வந்தால், பணம் கொடுக்க வேண்டியவர் நோட்டீஸ் பெற்ற 15 நாளுக்குள் கட்ட வேண்டும். கட்டத் தவறினால் வழக்குக்கான காரணம் பிறக்கிறது. அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் புகார் செய்ய வேண்டும். 1995-இல் ஒரு நிறுவனம் செப்டம்பர் 29-ஆம் தேதி நோட்டீஸ் பெற்றது. 15 நாள் கெடு அக்டோபர் 14-இல் முடிந்தது. அக்டோபர் 15-இல் வழக்குக் காரணம் பிறந்தது. புகார் தாக்கலானது நவம்பர் 15-ஆம் தேதி. ஒரு நாள் தாமதமா, இல்லையா? அக்டோபர் 15-ஐ விலக்கி எண்ண வேண்டும். ஆகவே தாமதம் இல்லை என்று சாகேத் இந்தியா வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே வருடம் வேறொரு வழக்கில் வேறுவிதமான கருத்து வந்தது. சிக்கலைத் தீர்க்க விஷயம் மூன்று நீதிபதிகளிடம் சென்றது.

அங்கே நடந்த வாதத்தின் மையம் இரண்டு சிறு சொற்கள். சட்டத்தின் ஓரிடத்தில் 'ஃப்ரம்' என்றும், கெடு சொல்லும் இடத்தில் 'ஆஃப்' என்றும் எழுதியிருக்கிறது. 'ஃப்ரம்' முதல் நாளை விலக்கலாம், 'ஆஃப்' விலக்காது என்று வாதிடப்பட்டது. 2013-இல் எகான் ஆண்ட்ரி வழக்கில் வந்த தீர்ப்பு இதை ஏற்கவில்லை. நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் எழுதிய அந்தத் தீர்ப்பு, இந்தச் சட்டத்தில் இரண்டு சொல்லுக்கும் வெவ்வேறு கணக்கு இல்லை, முதல் நாள் விலக்கப்பட வேண்டும், சாகேத் வழக்கின் முடிவே சரி என்று நிலைநாட்டியது. ஒரு நாளுக்காக நடந்த போராட்டம் பதினெட்டு வருடத்துக்குப் பின் முடிவுக்கு வந்தது.

ஒரு நாளில் போன ஊதிய உயர்வு

அலுவலகத்தில் வேலை பார்ப்போருக்கு இன்னும் நெருக்கமானது ஊதிய உயர்வு விவகாரம். ஜூன் 30-ஆம் தேதி ஓய்வு பெறுகிறார் ஒருவர். வருட ஊதிய உயர்வு ஜூலை 1 முதல். வருடம் முழுவதும் உழைத்தாகிவிட்டது. ஆனால் உயர்வு கைக்கு வரும் நாளில் அவர் வேலையில் இல்லை. கர்நாடக மின்தொடரமைப்புக் கழகத்தின் விதியில், உயர்வு சம்பாதித்த நாளுக்கு 'அடுத்த நாளிலிருந்து' அது சேரும் என்று எழுதியிருந்தது. அந்த 'ஃப்ரம்' சொல்லைப் பிடித்துக்கொண்டு நிர்வாகம் மறுத்தது.

சென்னை உயர் நீதிமன்றம் 2017-லேயே இப்படிப்பட்ட ஒரு மத்திய அரசு ஊழியருக்குச் சாதகமாக ஓய்வூதியக் கணக்குக்கு உயர்வைச் சேர்க்கச் சொன்னது. கர்நாடக வழக்கில் 2023 ஏப்ரல் 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றமும், சம்பாதித்து முடித்த உயர்வை ஒரு நாள் முன்னதாக ஓய்வு பெற்றார் என்பதற்காகப் பறிக்க முடியாது என்று கூறியது. பிறகு 2024 செப்டம்பர் 6-ஆம் தேதி உத்தரவில், வழக்குப் போடாத மற்றவர்களுக்கு இது எப்போது தொடங்கும் என்பதை விளக்கும்போது, 2023 மே 1-ஆம் தேதியிலும் அதற்குப் பிறகும் என்று இரண்டையும் சேர்த்தே நீதிமன்றம் எழுதியது. அந்த நாள் உள்ளே, அதன் பின்னும் உள்ளே என்று சொன்னபின் சண்டைக்கு இடமில்லை.

கணக்கிடும் முறை

கெடு எண்ணும் வழி கடினமானது அல்ல. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒருவருக்கு அதிகாரியின் முடிவு மார்ச் 10-ஆம் தேதி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். முதல் மேல்முறையீட்டுக்கு அது கிடைத்ததிலிருந்து 30 நாள். மார்ச் 10-ஐ விட்டுவிட வேண்டும். 11-ஆம் தேதி முதல் நாள். மார்ச் மாதத்தில் 21 நாள் ஆகிறது. மீதி 9 நாள். ஆகவே ஏப்ரல் 9 கடைசி நாள். அன்று மாலை அலுவலகம் மூடும் வரை உரிமை உண்டு. அன்று குடி பாட்வா விடுமுறையாக அமைந்து அலுவலகம் மூடியிருந்தால், பொதுப் பிரிவுகள் சட்டத்தின் 10-ஆவது பிரிவின்படி, அலுவலகம் திறக்கும் அடுத்த நாளில் கொடுக்கலாம்.

அதே இடத்தில் 30 நாள் என்பதற்குப் பதில் ஒரு மாதம் என்றிருந்தால் கடைசி நாள் ஏப்ரல் 10. சட்டத்தில் மாதம் என்பது நாட்காட்டி மாதம். ஆகவே 30 நாளும் ஒரு மாதமும் எப்போதும் ஒன்றல்ல.

ஒப்பந்தக்காரர் கொடுத்த காசோலை திரும்பி வந்தால் எண்ண வேண்டிய கெடு மூன்று. வங்கியிலிருந்து தகவல் ஜூன் 5-ஆம் தேதி கிடைத்தால், ஜூலை 5-ஆம் தேதிக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். எதிராளி அதை ஜூலை 20-ஆம் தேதி பெற்றால், அவருக்கு ஆகஸ்ட் 4 வரை அவகாசம். கட்டவில்லை என்றால் ஆகஸ்ட் 5-இல் வழக்குக் காரணம் பிறக்கும். அந்த நாளை விலக்கி, செப்டம்பர் 5-ஆம் தேதிக்குள் புகார் தாக்கலாக வேண்டும். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் மன்னிப்பு நீதிமன்றத்தின் விருப்பத்தைப் பொறுத்தது. கெடுவுக்குள் வருவது உரிமையைப் பொறுத்தது.

இந்தக் கணக்குத் தெரியாததால் நேரும் நஷ்டம் ஒன்று உண்டு. கடைசி நாளில் மனுவோடு சென்றவரிடம், "கெடு நேற்றோடு முடிந்துவிட்டது" என்று ஜன்னலுக்கு அப்பால் இருப்பவர் சொல்லிவிடுவார். கிடைத்த நாளையும் சேர்த்து எண்ணியதால் அவர் அப்படிச் சொல்லியிருக்கலாம். அரை நாள் கூலியை விட்டு வந்த தொழிலாளி, பேசாமல் திரும்பிப் போய்விடுவார். கிடைத்த நாள் கணக்கில் இல்லை என்பது தெரிந்திருந்தால், மனுவை வாங்கிக்கொண்டு தேதி முத்திரை போட்டுத் தரும்படி அமைதியாகக் கேட்டிருக்கலாம். கடிதம் கிடைத்த நாளை நிரூபிக்கத் தபால் உறையைப் பத்திரப்படுத்துவதும் இதற்காகத்தான்.

சட்டத்தின் இந்த விதி சட்டங்களில் உள்ள சொல்லுக்கு. இரண்டு தனி மனிதர்கள் செய்துகொள்ளும் வாடகை ஒப்பந்தமோ, வேலை ஒப்பந்தமோ என்றால் அந்தப் பத்திரத்தின் நோக்கத்தைப் பார்த்தே நீதிமன்றம் பொருள் கொள்ளும். ஆகவே எழுதும்போதே சந்தேகத்தை அகற்றிவிடுவது நல்லது. விடுமுறை விண்ணப்பத்தில் "ஃப்ரம் 10 டு 12" என்றால் அலுவலகம் மூன்று நாளாகவே கழிக்கும். 12-ஆம் தேதி வேலைக்கு வரும் எண்ணம் இருந்தால் 'டு 11' என்று எழுத வேண்டும். இரு தேதிகளும் உட்பட என்றோ, மொத்தம் இத்தனை நாள் என்றோ, வேலைக்குத் திரும்பும் தேதி இன்னது என்றோ ஒரு வரி சேர்த்தால் சம்பளத்தில் ஒரு நாள் குறையாது.

வாடகை ஒப்பந்தம், பணி உத்தரவு, நோட்டீஸ் என்று எந்த ஆங்கிலத் தாள் கைக்கு வந்தாலும், 'ஃப்ரம்' இருக்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்வது நல்ல பழக்கம். அது தொடங்கும் நாளைச் சொல்கிறதா, நாட்களை அளக்கிறதா என்று கேட்டுக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும். மீதிப் பாதி, கடைசி நாள் வரை காத்திருக்காமல் இரண்டு நாள் முன்னதாகவே மனுவைக் கொடுத்துவிட்டால் தீர்ந்துவிடும்.